எண்ணுக்குள் அடங்கிய முழவோசை

முழவுக்குச் சுருதி உண்டு. ஆயினும் வீணையைப் போல ஏழு சுரங்களையும் நிரல்பட இசைப்பது அதன் தொழிலன்று. தாளத்தை நிலைநிறுத்துவதே அதன் தொழில். அங்ஙனமிருக்க, சுரங்களுக்கென அமைந்த விசைப்பலகையில் முழவுகளும் சிம்பல்களும் எவ்வாறு குடியேறின? இவ்வினாவுக்கு விடை தருவது இயந்திர முழவின் வரலாறாகும்.

இவ்வரலாறு நெடியது. அமெரிக்க இசைவாணர் ஹென்றி கவெல் விரும்பியவாறு, ரஷ்யரான லியோன் தெரமின் 1930களின் தொடக்கத்தில் றித்மிக்கன் என்னும் தாளக் கருவியை ஆக்கினார். 1959 இல் வேர்லிற்சர் நிறுவனத்தின் சைட்மன் விற்பனைக்கு வந்தது. 1980 இல் றொஜர் லின் ஆக்கிய எல்.எம்.-1, உண்மையான முழவுகளின் ஓசையைப் பதிந்து வைத்து ஒலித்தது. அதே ஆண்டில் யப்பானிய றோலன்ட் நிறுவனத்தின் டி.ஆர்.-808, மின்சுற்றுக்களாலேயே ஓசையைப் பிறப்பித்தது.

எனினும் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியோடு உரையாட இயலாதிருந்தது. இக்குறையைப் போக்க முனைந்தோருள் றோலன்டின் இக்குத்தாரோ காக்கேஹாஷியும், அமெரிக்கரான டேவ் ஸ்மித்தும் முதன்மையானவர்கள். 1983 சனவரியிற் கலிபோர்ணியாவில் நடந்த கண்காட்சியில், இருவருடைய நிறுவனங்களின் கருவிகளும் ஒரே கம்பியால் இணைக்கப்பட்டன. மிடி என்னும் பொதுமொழி அவ்வாறு அரங்கேறியது.

இம்மொழியில் ஓசை பயணம் செய்வதில்லை. எண்களே பயணம் செய்கின்றன. எந்தக் கட்டை அழுத்தப்பட்டது, எவ்வளவு விசையோடு அழுத்தப்பட்டது என்பன போன்ற செய்திகளே செல்லும். கட்டைகளுக்கு 0 முதல் 127 வரை எண்கள் உண்டு. பியானோவின் நடுச் சுரம் 60 ஆகும். குழலுக்கும் வயலினுக்கும் இவ்வெண் சுருதியைக் குறிக்கும். முழவுக்கோ அது பெயராக மாறிவிடுகிறது.

ஆனால் எந்த எண்ணுக்கு எந்த முழவு என்பதில் தொடக்கத்தில் உடன்பாடு இருக்கவில்லை. ஆதலால் ஒரு கருவிக்கென அமைத்த தாளம், வேறொன்றில் உருமாறி ஒலித்தது. பேரிகை முழங்க வேண்டிய இடத்தில் மணி ஒலித்தால் பாட்டு என்னாவது? 1991 இல் வெளியான பொது மிடி விதி இதற்கு முடிவு கட்டியது. பதினாறு வழிகளுள் பத்தாவது வழி தாளத்துக்கென ஒதுக்கப்பட்டது. 35 முதல் 81 வரை 47 ஒலிகள் வரையறுக்கப்பட்டன: 36 பெருமுழவு, 38 ஸ்னேர் முழவு, 49 மோதொலிச் சிம்பல். இணைச் சிம்பலாகிய ஹைஹற்றுக்கு 42, 44, 46 என மூன்று எண்கள். முறையே மூடியது, மிதியால் ஒலிப்பது, திறந்தது. இம்மூன்றும் அடுத்தடுத்த கருங்கட்டைகளாதலின் விரல்களுக்கு இசைவாக அமைந்தன.

எண் பெயராகிவிட்டமைக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. பாடகரின் குரலுக்கேற்பப் பாட்டின் சுருதியை இரண்டு படி உயர்த்தினால் குழலிசை கெடாது. முழவின் எண்களையும் அவ்வாறே உயர்த்தினால் 36 என்பது 38 ஆகும், பெருமுழவு ஸ்னேராகிவிடும். ஆகவே சுருதியை மாற்றுவோர் பத்தாவது வழியைத் தொடாது விடுவர்.

இவ்வட்டவணையில் பொங்கோ, கொங்கா, மராக்கஸ் முதலிய இலத்தீன் அமெரிக்கக் கருவிகள் இடம்பெற்றன. மிருதங்கமும் தவிலும் தபேலாவும் இடம்பெறவில்லை. மிருதங்கத்திலோ ஒரே தோலின்மீது விரல்படும் இடத்துக்கேற்பச் சொற்கள் வேறுபடும். அவற்றையெல்லாம் ஓரெண்ணுள் அடக்குவது எளிதன்று.

போட்டியிட்ட வணிகர்கள் ஓர் அட்டவணைக்கு இசைந்தமையால், ஓரிடத்திற் பிறந்த தாளம் உலகெங்கும் பிழையின்றி ஒலித்தது. ஆயினும் பொதுமொழி எதுவாயினும், அதனை வகுத்தோர் செவிக்கு எட்டிய ஓசைகளே அதில் முதலிடம் பெறும்.