சாமந்திக்கு ராத்திரி விளக்கு

ஓசூர் பக்கமோ, எல்லை தாண்டிக் கோலார் பக்கமோ ராத்திரி பஸ்ஸில் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். சாமந்தித் தோட்டத்தில் கல்யாண வீடு மாதிரி விளக்கு எரியும். இரவு நீண்டால்தான் சாமந்தி மொட்டு வைக்கும். விளக்குப் போட்டு இரவைக் குறுக்கினால் பூக்காமல் வளர்ந்துகொண்டே இருக்கும். பண்டிகைக் கணக்குப் பார்த்து விளக்கை நிறுத்துகிறார்கள்.

இது நேற்று வந்த யோசனை இல்லை. 1880-லேயே இங்கிலாந்தில் வில்லியம் சீமன்ஸ் என்ற பொறியாளர் ராத்திரியில் ஆர்க் விளக்கு வைத்துப் பயிர் வளர்த்தார். பழைய சினிமாக் கொட்டகை மிஷினில் கார்பன் குச்சி எரியுமே, அந்த ஜாதி வெளிச்சம். 1920-ல் அமெரிக்க விவசாய இலாகாவின் கார்னர், அல்லார்டு இருவரும் விஷயத்தை உடைத்துச் சொன்னார்கள். கோடையில் பூக்காத ஒரு ரகப் புகையிலையைச் சாயந்திரமே இருட்டுக் கொட்டகைக்குள் வைத்தார்கள். பூத்துவிட்டது!

சரி, அந்த விளக்குக்குக் கரண்டு எத்தனை வோல்ட்? எடிசன் 1882-ல் நியூயார்க்கில் கொடுத்தது சுமார் 110. பெர்லின் மின்சாரக் கம்பெனி 1899-ல் 220-க்கு மாறியது. காரணம் சிக்கனம்தான். 100 வாட் பல்பு 40 போட்டால் 4,000 வாட். 115 வோல்ட்டில் 35 ஆம்பியர் ஓட வேண்டும். 230-ல் 17 சொச்சம் போதும். அதே கம்பியில் ஓட்டம் பாதியானால் வீணாகும் சூடு கால் பங்குதான். ஐரோப்பா முழுக்க அந்த வழிக்கு வந்தது. நம்ம 230-ம் அந்த வம்சமே. அமெரிக்க வீடுகளில் இன்றும் 120. ஆனால் அறைக்குள் பெரிய விளக்கு வைத்துச் செடி வளர்ப்பவர்கள் அங்கேயும் 240 இழுத்துக்கொள்கிறார்கள்.

கம்பிக்கு லாபம், சரி. தொடுகிற ஆளுக்கு? ஈரக்கையில் வோல்ட் இரட்டித்தால் உடம்பில் பாய்வதும் இரட்டிக்கும். இப்போது 9 வாட் எல்.இ.டி. வந்துவிட்டதால் "சின்ன பல்புதானே" என்கிறார்கள். ஹோல்டரில் நிற்பது அதே 230 ஐயா!

பியூஸ் இருக்கிறதே என்பீர்கள். பியூஸ் காப்பது கம்பியை. 5 ஆம்பியர் பியூஸ் எரியுமுன், அதில் நூறில் ஒரு பங்கே ஆளைக் கொல்லப் போதும். கலிபோர்னியாப் பேராசிரியர் சார்லஸ் டால்ஸீல், எவ்வளவு கரண்டு பாய்ந்தால் மனிதனால் கையை எடுக்க முடியாமல் போகிறது என்று பல வருஷம் அளந்தார். 1961-ல் ஒரு சாதனம் செய்தார். போன கரண்டு முழுதும் திரும்புகிறதா என்று அது கணக்குப் பார்க்கும்; கொஞ்சம் குறைந்தாலும் கண்ணிமைக்குமுன் துண்டிக்கும். நம் கடைகளில் இ.எல்.சி.பி. என்று கேட்டால் கிடைக்கும். ஆளைக் காக்க 30 மில்லி ஆம்பியர் கொண்டதாக வாங்குங்கள்.

இன்னொன்று. மோட்டார் ஸ்டார்ட்டரில் ஒரு பேஸ் எடுத்து, நியூட்ரலுக்குப் பதில் எர்த் கம்பியில் பல்பு எரிக்கும் வேலை பல இடத்தில் நடக்கிறது. அந்த எர்த் அறுந்தால், அதோடு சேர்ந்த இரும்பெல்லாம் உயிரை வாங்கும். இந்தத் திருட்டு வழிக்கு இ.எல்.சி.பி. ஒத்துக்கொள்ளாது, விழுந்துவிடும். அதற்காக அதைக் கழற்றி எறிபவர்களும் உண்டு! லைசென்ஸ் உள்ள ஒயர்மேனைக் கூப்பிட்டு நியூட்ரல் தனியாக இழுக்கச் சொல்லுங்கள். ஒயரை வெறும் கட்டுக்கம்பியில் சுற்றித் தொங்கவிட வேண்டாம். பல்பு மாற்றுமுன் மெயினை இறக்குங்கள். இ.எல்.சி.பி.யில் 'டி' போட்ட பொத்தான் ஒன்று இருக்கும். மாதம் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். விழாவிட்டால் அன்றே மாற்றுங்கள்.