ஐயத்தை மெய்ப்பிக்க வேண்டியவர் யார்? நிர்வாக முடிவுகளில் ஒரு நடைமுறைக் கேள்வி

மேலாண்மை வகுப்புகளில் எஸ்.எல்.வி-3 ஏவுகலத்தின் கதை பெரும்பாலும் ஒரே பாடத்துக்காகச் சொல்லப்படுகிறது. 1979 ஆகஸ்ட் 10 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கிளம்பிய கலம் வங்கக் கடலில் விழுந்தபோது, இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான் தோல்வியைத் தாமே ஏற்றார். 1980 ஜூலை 18 அன்று வெற்றி கிட்டியதும் திட்ட இயக்குநர் அப்துல் கலாமைச் செய்தியாளர்கள் முன் அனுப்பினார். அந்தப் பெருந்தன்மை போற்றத்தக்கது. ஆனால் அது தோல்விக்குப் பிந்தைய நடத்தை. மேலாளர்களுக்கு அதைவிடப் பயன்படுவது, தோல்விக்கு முன் முடிவு எவ்வாறு எடுக்கப்பட்டது என்னும் கேள்வி. முடிவின் தரம் தலைவரின் அறிவாற்றலைவிட, மெய்ப்பிக்கும் பொறுப்பை அவர் யார்மீது வைக்கிறார் என்பதையே சார்ந்திருக்கிறது என இக்கட்டுரை வாதிடுகிறது.

கலாமே பிற்காலத்தில் பலமுறை விவரித்தபடி, 1979 ஏவுதலுக்கு முந்தைய கடைசி நிமிடங்களில் கணினி பணியை நிறுத்திவைத்தது. கட்டுப்பாட்டு அமைப்பில் கசிவு தெரிந்தது. எரிபொருள் இருப்பு போதும் என்று வல்லுநர்கள் கருதினர். கணினியின் தடை ஒதுக்கப்பட்டது. இரண்டாம் கட்டம் கட்டுப்பாட்டை இழந்தது. எச்சரிக்கையை ஒதுக்கித்தள்ளும் இதே போக்கு ஏழாண்டுகளுக்குள் அமெரிக்காவில் பெருந்துயரமாக வெளிப்பட்டது. 1986 ஜனவரி 27 இரவு, சேலஞ்சர் விண்கலத்தின் பூஸ்டர்களைத் தயாரித்த மார்ட்டன் தயோக்கல் நிறுவனப் பொறியாளர்கள், கடுங்குளிரில் இணைப்புகளின் ரப்பர் வளையங்கள் நெகிழ்வை இழக்கும் என்று எச்சரித்து, ஏவ வேண்டாம் என்றனர். நாசா அதிகாரிகள் அதை வன்மையாக மறுத்தனர். நிறுவனத்தின் மேலாளர்கள் தனியே கூடி, பொறியாளர்களின் பரிந்துரையை மாற்றினர். மறுநாள் கிளம்பிய 73 வினாடிகளில் கலம் சிதறி எழுவர் மாண்டனர். பறப்பது பாதுகாப்பானது என்று நிறுவுவதே வழக்கமான கடமை. அன்றிரவோ பறப்பது ஆபத்து என்று நிறுவும்படி பொறியாளர்கள் கேட்கப்பட்டனர் என்பது அவர்களுள் ஒருவரான ரோஜர் பாய்ஷோலி முதலியோரின் சாட்சியத்தில் தெளிவாகிறது.

இந்தத் தலைகீழ் மாற்றம் சான்றுகளை வாசிக்கும் முறையையே மாற்றிவிடுகிறது. முந்தைய பயணங்களில் வளையங்கள் சேதமடைந்தவற்றை மட்டும் வரிசைப்படுத்தினால் வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு புலப்படவில்லை. பின்னர் விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் சேதமில்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்தது. வளையங்களின் வெப்பநிலை ஏறக்குறைய 19 டிகிரி செல்சியஸோ அதற்கு மேலோ இருந்த 20 பயணங்களில் மூன்றில்தான் சேதம். ஏறத்தாழ 17 டிகிரியோ அதற்குக் கீழோ இருந்த நான்கிலும் சேதம். தரவு முன்பே இருந்தது. "பாதுகாப்பு என்பதற்கு ஆதாரம் எங்கே?" என்று கேட்டிருந்தால் பழுதில்லாத பயணங்களும் தாமாகவே கணக்கில் வந்திருக்கும்.

விளைவு தெரிந்தபின் குறை காண்பது எளிது என்பது முதல் மறுப்பு. ஆயினும் இங்கே விமர்சிக்கப்படுவது விளைவு அன்று, நடைமுறை. சேலஞ்சர் பத்திரமாகத் திரும்பியிருந்தாலும், எச்சரித்தவர்மீது சுமையை ஏற்றிய முறை தவறாகவே இருந்திருக்கும். அடுத்த முறைக்கு அது முன்னுதாரணமாகவும் ஆகியிருக்கும். இரண்டாவது மறுப்பு வலுவானது: ஒவ்வொரு ஐயத்துக்கும் பணியை நிறுத்தினால் எந்தத் தொழிலும் நகராது, முழுச் சான்று கிடைக்கும்வரை காத்திருப்பவருக்குச் சந்தை காத்திருக்காது. இது உண்மை. அதனால்தான் பொறுப்பைப் பகிரும் விதி முடிவின் இயல்பைப் பொறுத்து அமைய வேண்டும். ஒரு பொருளின் விலையை மாற்றுவது, ஒரு கிளையில் மட்டும் புதிய முறையைச் சோதிப்பது போன்றவற்றைத் திரும்பப் பெறலாம்; அங்கே தடுப்பவரே காரணம் காட்டட்டும். உயிரிழப்பு, நிறுவனத்தின் அழிவு போன்ற மீளமுடியாத விளைவுகள் உள்ள இடத்தில், முன்செல்ல விரும்புபவரே சான்று தர வேண்டும். எஸ்.எல்.வி-3 ஆளில்லாச் சோதனைக் கலம்; ஓராண்டுக்குள் மீண்டும் முயல முடிந்தது. சேலஞ்சரில் அவ்வழி இல்லை.

எனவே தலைமைப் பயிற்சி துணிவையும் பெருந்தன்மையையும் மட்டும் வளர்த்தால் போதாது. நெருக்கடி வேளையில் கால அட்டவணையும் அதிகாரமும் பொறுப்பைப் பலவீனமான குரலின்மீது தள்ளும். அப்போது விதி வகுக்க அவகாசம் இருக்காது. எது மீளக்கூடிய முடிவு, எதில் யார் மெய்ப்பிக்க வேண்டும், நிறுத்தும் உரிமை யாருக்கு என்பவற்றை அமைதியான நாட்களிலேயே எழுத்தில் வரையறுத்து வைப்பது மேலாளரின் முதற்கடமை.