டவர் இல்லாத ரன்வே: 'இறங்கலாம்'னு யார் சொல்வது?

சங்கரன்கோவிலுக்குக் கிழக்கே, கோவில்பட்டி அருகே உள்ள பழைய ரன்வேயில் விமானிகள் பயிற்சிப் பள்ளி அமைப்பது டிட்கோவின் திட்டம். இதுபோன்ற சின்ன ரன்வேக்களில் பெரும்பாலும் கட்டுப்பாட்டு டவர் இருக்காது. அப்போ 'இறங்கலாம்'னு யார் சொல்வாங்க?

யாரும் சொல்ல மாட்டாங்க. ஒரே ரேடியோ அலைவரிசையில், தான் எங்கே வருகிறேன், எந்த ரன்வேயில் இறங்கப் போகிறேன் என்று ஒவ்வொரு விமானியும் அறிவிக்க வேண்டும். காற்றுப் பையைப் பார்த்து, எதிர்காற்றில் இறங்க வேண்டும். இறங்கும் விமானத்துக்கே முன்னுரிமை. தரையில் இருப்பவர் காத்திருக்கணும்.

ரேடியோவை மட்டும் நம்பினால்?

1996 நவம்பர் 19. அமெரிக்காவின் குவின்சி, டவர் இல்லாத விமான நிலையம். இறங்க வந்த பயணிகள் விமானம், குறுக்கு ரன்வேயில் நின்ற விமானத்திடம் 'காத்திருப்பீர்களா?' என்று கேட்டது. பதில் சொன்னது அந்த விமானம் இல்லை, அதன் பின்னால் நின்ற வேறொன்று! அதை நம்பி இறங்கியபோது, முன்னால் நின்ற விமானம் கிளம்பிவிட்டது. இரண்டு ரன்வேயும் சந்திக்கும் இடத்தில் மோதல். இரண்டு விமானங்களிலும் இருந்த 14 பேரும் பலி. கிளம்பிய விமானிகள் ரேடியோவைக் கவனிக்கவில்லை, சுற்றிலும் பார்க்கவில்லை என்றது விசாரணை.

நம்மூரில் ஆடு, மாடு, நாய் தொல்லையும் சேரும். டவர் இருந்தால் பார்த்து எச்சரிப்பார்கள். இல்லாத இடத்தில் வேலிதான் காவல்.