ஈரம் குறையன்று

1822இல் பிரெஞ்சு அறிஞர் கான்யார் தெ லா தூர், அடைத்த குழாய்களில் திரவங்களைக் காய்ச்சி, திரவத்துக்கும் ஆவிக்குமான எல்லை மறைவதைக் கண்டார். நீரோ அவருடைய கண்ணாடிக் குழாயையே அரித்தது. 374 பாகை செல்சியசுக்கும் 221 பார் அழுத்தத்துக்கும் மேலான அந்நிலையில், நீர் கரிமச் சேர்மங்களைத் தன்னுள் கரைத்துக்கொள்ளும்.

1970களில் எம்.ஐ.டி.யின் மைக்கேல் மோடெல், கரி படிவதைத் தவிர்த்து மரத்தூளை வாயுவாக்க இந்நீரைக் கையாண்டார். 1996இல் ஹவாயில் மைக்கேல் ஆன்டல் குழுவினர் ஆராய்ந்த வினையூக்கிகளுள், நமக்குப் பழகிய தேங்காய்ச் சிரட்டைக் கரியும் ஒன்று.

உயிரி எண்ணெயில் ஏறத்தாழக் கால் பங்கு நீர். எரிபொருளாக்குவோர்க்கு அது குறை. இம்முறையிலோ நீரே வினைபொருள். விளையும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி அதிலிருந்தே பிறக்கிறது. சித்தூர் மாம்பழக்கூழ் ஆலைகளின் ஈரத் தோல் கழிவுக்கும், உலர்த்தத் தேவையற்ற இவ்வழியே ஏற்றது என்பேன். அரிப்பு மட்டும் தீரவில்லை. இன்று அரிபடுவது நிக்கல் கலப்புலோகம்.