ரிகோல் டிஎஸ்1054இசட், சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ: ஓர் ஒப்பீடு

ரிகோல் டிஎஸ்1054இசட், சிக்லென்ட் எஸ்டிஎஸ்1104எக்ஸ்-இ ஆகிய இரண்டும் சீன நிறுவனங்களின் நான்கு சேனல் டிஜிட்டல் ஆசிலோஸ்கோப்புகள். முன்னது 2014இலும் பின்னது 2018இலும் சந்தைக்கு வந்தன. வெளிவந்தபோது அமெரிக்காவில் அவற்றின் விலை முறையே ஏறத்தாழ 400, 500 டாலராக இருந்தது. அதுவரை பெரும்பாலும் ஆய்வகங்களுக்கே கட்டுப்படியான நான்கு சேனல் கருவியை வீட்டு மேசைக்குக் கொண்டுவந்ததில் ரிகோலுக்குப் பெரும் பங்கு உண்டு. இரண்டிலும் 7 அங்குலத் திரை. மின்னழுத்தத்தை 256 படிகளாகப் பிரிக்கும் 8 பிட் மாற்றி.

ரிகோலின் பட்டை அகலம் 50 மெகாஹெர்ட்ஸ், சிக்லென்ட்டுக்கு 100. 0.35ஐப் பட்டை அகலத்தால் வகுத்தால் கருவியின் சொந்த ஏறுநேரம் கிடைக்கும்: ரிகோலுக்கு 7 நானோ நொடி, சிக்லென்ட்டுக்கு 3.5. துடிப்பின் ஏறுநேரமும் கருவியின் ஏறுநேரமும் வர்க்கங்களாகக் கூடி, அதன் வர்க்கமூலமே திரையில் தெரியும். ஆகவே 5 நானோ நொடியில் ஏறும் துடிப்பு ரிகோலில் சுமார் 8.6 ஆகவும் சிக்லென்ட்டில் 6.1 ஆகவும் தெரியும். இரண்டுமே உண்மையைக் காட்டவில்லை; சிக்லென்ட் காட்டும் பிழை சிறியது, அவ்வளவுதான்.

மாதிரியெடுக்கும் வேகம் இரண்டிலும் நொடிக்கு 100 கோடி என்றே விளம்பரமாகிறது. ரிகோலில் எல்லாச் சேனல்களுக்கும் ஒரே மாற்றிதான். நான்கையும் இயக்கினால் ஒவ்வொன்றுக்கும் 25 கோடிதான் மிஞ்சும். சிக்லென்ட்டில் இரண்டு மாற்றிகள் இருப்பதால் 50 கோடி கிடைக்கும். அங்கே 1, 2 சேனல்கள் ஒரு மாற்றியையும் 3, 4 சேனல்கள் மற்றதையும் பகிர்ந்துகொள்கின்றன. இரண்டு சேனல் போதுமென்றால் 1, 3இல் புரோபை மாட்டினால் முழு வேகமும் கிடைக்கும். கையேட்டைப் புரட்டாதவர்கள் 1, 2இலேயே மாட்டுவார்கள்.

உண்மையான வேறுபாடு அளவீட்டில் இருக்கிறது. ரிகோலின் நினைவகம் 1.2 கோடி புள்ளிகளைத் தாங்கும். ஆனால் அலைவெண், துடிப்பு அகலம் போன்ற தானியங்கி அளவீடுகளைத் திரைக்காகச் சுருக்கிய 1,200 புள்ளிகளிலிருந்தே அது கணக்கிடுகிறது. ஒரு கட்டத்துக்கு 1 மில்லி நொடி என்று வைத்தால் 12 கட்டத் திரையில் 12 மில்லி நொடி அடங்கும். நினைவகத்தில் 1 நானோ நொடிக்கு ஒரு புள்ளி இருக்கும்போது, அளவீட்டுக்குக் கிடைப்பதோ 10 மைக்ரோ நொடிக்கு ஒன்று. 2 மைக்ரோ நொடித் துடிப்பின் அகலத்தை இதில் நம்ப முடியாது. திரையை விரித்துப் பார்த்த பிறகே எண்ணை நம்பலாம். சிக்லென்ட் முழு நினைவகத்தையும் பயன்படுத்துகிறது. அலையை அலைவெண்களாகப் பிரித்துக்காட்டும் எஃப்எஃப்டியையும் பத்து லட்சம் புள்ளிகள் வரை கணக்கிடுவதால் அருகருகே உள்ள அலைவெண்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரியும். மின்வழங்கியின் சிற்றலையைப் பார்ப்பவருக்கு ஒரு கட்டத்துக்கு 500 மைக்ரோவோல்ட் என்ற அதன் மிகச் சிறிய செங்குத்து அளவும் உதவும். ரிகோலில் அது 1 மில்லிவோல்ட். சிப்புகள் தமக்குள் பேசும் ஐ2சி, எஸ்பிஐ, யூஏஆர்டி செய்திகளைப் படிக்கும் வசதி சிக்லென்ட்டில் தொடக்கம் முதலே விலையுடன் சேர்ந்தது. ரிகோலில் முதலில் அதற்குத் தனிக்கட்டணம் இருந்தது.

ஓரிடத்தில் ரிகோல் முந்துகிறது. அதில் நினைவக அளவை நாமே நிர்ணயிக்கலாம். பதிவை நிறுத்திய பிறகு திரைக்கு வெளியே முன்னும் பின்னும் என்ன நடந்தது என்று விரித்துப் பார்க்கலாம். சிக்லென்ட் திரையில் உள்ள நேர அளவுக்கே பதிவு செய்கிறது. எப்போது வரும் என்று தெரியாத கோளாறைத் துரத்துபவர் நேர அளவை முதலிலேயே அகலமாக வைத்துப் பிறகு ஜூம் செய்யப் பழக வேண்டும். பழகிவிட்டால் இழப்பு பெரிதல்ல.

கையாளுவதில் இரண்டுக்கும் ஒரே குறை: நான்கு சேனல்களுக்கும் சேர்த்து ஒரே செங்குத்துக் குமிழ்த் தொகுதி. எந்தச் சேனல் தேர்வாகியிருக்கிறது என்று பார்க்காமல் திருகினால் வேறு அலை நகரும். அளவீட்டுப் பட்டன்களை ரிகோல் திரையின் இடப்பக்கமே வைத்திருப்பதால், புதியவர் மெனுவில் அலைய வேண்டியதில்லை. ஆனால் பல சேனல்களும் அளவீடுகளும் சேர்ந்தால் அது தயங்கும். மின்விசிறியும் இரைச்சல் போடும். சிக்லென்ட் குமிழுக்கு உடனே அசைந்துகொடுக்கிறது. நொடிக்கு ஒரு லட்சம் அலைகள் வரை பிடிப்பதாக அதன் விவரக்குறிப்பு சொல்கிறது, ரிகோலுடையது 30,000. எப்போதாவது எட்டிப்பார்க்கும் பழுதுத் துடிப்பு சிக்லென்ட்டில் சீக்கிரம் சிக்குவதற்கு இதுவே காரணம்.

இரு நிறுவனங்களும் பின்னர் இதே வாடிக்கையாளர்களுக்காக 4,096 படிகள் கொண்ட 12 பிட் கருவிகளை வெளியிட்டன: ரிகோலின் டிஎச்ஓ800, சிக்லென்ட்டின் எஸ்டிஎஸ்800எக்ஸ் எச்டி.