ஐம்பது என்னும் எல்லைக்கோடு

வாசகர்களே, சில துளி குருதியை ஒரு மெல்லிய கண்ணாடிக் குழாயில் எடுத்து, மையவிலக்குப் பொறியில் சில நிமிடங்கள் சுழலவிட்டால் என்ன நிகழும்? கனமான சிவப்பணுக்கள் அடியில் படியும். இலேசான, மஞ்சள் நிறப் பிளாஸ்மா மேலே நிற்கும். மொத்தக் குருதியில் சிவப்பணுக்கள் எத்தனை விழுக்காடு இடத்தைப் பிடித்துள்ளன என்று கூறும் அளவே ஹெமட்டோகிரிட் எனப்படும். நலமுள்ள ஆண்களிடம் இது பெரும்பாலும் 40 முதல் 50 வரை இருக்கும். பெண்களிடம் சற்றுக் குறைவு. பள்ளி மாணவனும் படித்தறியக்கூடிய இந்த எளிய எண், 1990களில் ஐரோப்பியச் சைக்கிள் பந்தய உலகையே ஆட்டிப் படைத்தது. ஓர் அளவை எதனோடு ஒப்பிட வேண்டும் என்ற கேள்விக்கு அந்த வரலாறு நல்லதொரு விடை தருகிறது. அதை இங்கே காண்போம்.

சிறுநீரகம் அனுப்பும் தூது

நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுபவரின் தசைகளுக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் வேண்டும். அதைச் சுமந்து செல்வது சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். குருதியில் ஆக்சிஜன் குறைந்தால் சிறுநீரகம் அதை உணர்ந்து, எரித்ரோபொயட்டின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. சுருக்கமாக இ.பி.ஓ. என்பர். இது எலும்பு மஜ்ஜையைத் தூண்டி, மேலும் சிவப்பணுக்களை உண்டாக்கச் செய்கிறது. மலைமீது சில வாரங்கள் தங்கினால் சிவப்பணுக்கள் பெருகுவது இதனால்தான்.

சிகாகோவில் யூஜீன் கோல்ட்வாசரும் அவருடைய குழுவினரும் 1977இல் இந்த ஹார்மோனைத் தூய நிலையில் பிரித்தெடுத்தனர். ஜப்பானில் கடுமையான சோகை நோயாளிகளிடமிருந்து சேகரித்த 2,550 லிட்டர் சிறுநீரிலிருந்து அவர்களுக்குக் கிடைத்தது சில மில்லிகிராம் மட்டுமே! 1983இல் அமெரிக்காவின் ஆம்ஜென் நிறுவனத்தில் ஃபூ-குவென் லின் இதற்குரிய மரபணுவைக் கண்டறிந்தார். அதன்பின் இ.பி.ஓ.வைச் செயற்கையாக வேண்டிய அளவு ஆக்க முடிந்தது. 1989இல் சிறுநீரக நோயாளிகளுக்கான மருந்தாக அமெரிக்காவில் இது ஒப்புதல் பெற்றது. குருதிச் சோகையால் வாடிய எண்ணற்றோருக்கு அது ஒரு வரமாயிற்று.

ஆனால் நோயாளிக்கு வலுவூட்டும் மருந்து, நலமுள்ள வீரனுக்கும் வலுவூட்டும் அல்லவா? சைக்கிள் வீரர்கள் சிலர் இதை இரகசியமாக ஊசியிட்டுக்கொள்ளத் தொடங்கினர். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 1990இல் இதைத் தடை செய்தது. எனினும் உடலில் இயல்பாகச் சுரப்பதற்கும் ஊசியால் ஏற்றியதற்கும் வேறுபாடு காணும் சோதனை அன்று இல்லை. தடை ஏட்டளவில் நின்றது. இதில் உயிருக்கே ஆபத்தும் இருந்தது. சிவப்பணுக்கள் மிகுந்தால் குருதியின் பாகுநிலை உயரும். இதயம் அதைத் தள்ளப் பெரும்பாடு படும். குழாய்களில் குருதி உறையும் வாய்ப்பும் கூடும்.

கோடு போட்டார்கள்

மருந்தைக் கண்டறிய இயலாத நிலையில், அதன் விளைவையாவது அளப்போம் என்று பன்னாட்டுச் சைக்கிள் ஓட்டச் சங்கம் 1997இல் ஒரு விதி வகுத்தது. ஆண்களுக்கு ஹெமட்டோகிரிட் 50க்கு மேலும் பெண்களுக்கு 47க்கு மேலும் இருந்தால், அவர்கள் இரண்டு வாரம் பந்தயத்தில் கலந்துகொள்ளக் கூடாது. இது தண்டனை அன்று, உடல்நலப் பாதுகாப்பே என்று அறிவிக்கப்பட்டது.

இந்தக் கோட்டின் குறையைச் சிறு கணக்கால் அறியலாம். ஒரு கூட்டத்தாரின் சராசரி 45 என்றும் திட்ட விலக்கம் 2.5 என்றும் கொள்வோம். 50 என்பது சராசரியிலிருந்து இரண்டு திட்ட விலக்கம் மேலே உள்ளது. இயல்நிலைப் பரவல்படி, மருந்தே தொடாத 1000 பேரில் சுமார் 23 பேர் இக்கோட்டைத் தாண்டி நிற்பர். அவர்கள் செய்த குற்றம் என்ன? மறுபுறம், பிறப்பிலேயே 42 உள்ள ஒருவர் மருந்தால் 49க்கு ஏறினாலும் விதி அவரைத் தொடாது. கோட்டைத் தாண்டாமல் மருந்து ஏற்றிக்கொள்ள அது வழியும் காட்டிவிட்டது. வீரர்கள் தம் அறையிலேயே சிறு மையவிலக்குப் பொறி வைத்து அளந்து, அளவைக் கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திக்கொண்டனர். இயல்பாகவே அளவு மிகுந்தவர்களுக்குச் சான்று பெற்று விலக்குக் கோரும் வழி பின்னர் அமைந்தது.

இயற்கை எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்கு ஃபின்லாந்தின் பனிச்சறுக்கு வீரர் ஈரோ மேன்டிரன்டா சிறந்த சான்று. 1960 முதல் 1968 வரை ஏழு ஒலிம்பிக் பதக்கங்கள் வென்றவர் இவர். நலமுள்ள ஆணின் குருதியில் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் ஹீமோகுளோபின் இருக்கும்; இவருக்கோ 200 கிராமுக்கும் மேல்! பலரும் ஐயுற்றனர். 1993இல்தான் உண்மை விளங்கியது. இ.பி.ஓ.வின் தூதை ஏற்கும் புரதத்தில் ஒரு மரபணு மாற்றம் அவர் குடும்பத்தில் வழிவழியாக வந்திருந்தது. போதும் என்று நிறுத்தும் பகுதி அதில் இல்லை. ஆகவே மஜ்ஜை சிவப்பணுக்களை மிகுதியாக ஆக்கிக்கொண்டே இருந்தது. 50 என்ற கோடு இத்தகையோரை என்ன செய்திருக்கும்!

1999 ஜூன் 5 அன்று, இத்தாலியப் பெரும்பந்தயமான ஜீரோவில் முன்னணியில் இருந்த மார்க்கோ பன்டானி, மதோன்னா தி கம்பிலியோ என்னும் ஊரில் வெளியேற்றப்பட்டார். அவருடைய ஹெமட்டோகிரிட் 52. பந்தயம் முடிய இரண்டு நாட்களே இருந்தன. அவர் அந்த அதிர்ச்சியிலிருந்து மீளவே இல்லை. 2004இல் 34 வயதில் இறந்தார். 1998ஆம் ஆண்டு டூர் தே பிரான்ஸ் பந்தயத்தில் அவர் தந்த மாதிரியில் இ.பி.ஓ. இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. ஆனால் 1999இல் அந்த 52 என்ற எண் தனித்து எதையும் மெய்ப்பிக்கவில்லை.

தன்னோடு தானே ஒப்பிடுதல்

2000ஆம் ஆண்டு பிரான்சில் ஃபிரான்சுவாஸ் லாஸ்னும் ஜாக் தெ சொரீஸும் சிறுநீர்ச் சோதனை ஒன்றை வெளியிட்டனர். செயற்கை ஹார்மோனோடு ஒட்டிய சர்க்கரைத் தொடர்கள் சற்று வேறானவை. ஆகவே அதன் மின்னூட்டமும் வேறுபடும். மின்புலத்தில் அது வேறிடத்தில் சென்று நிற்கும். சோதனை நல்லதே. ஆனால் ஊசியிட்ட சில நாட்களில் தடயம் மறைந்துவிடும். முன்னரே எடுத்துச் சேமித்த தன் குருதியைத் தானே ஏற்றிக்கொள்பவரையோ இச்சோதனை காட்டாது.

இங்கேதான் சிந்தனை திரும்பியது. ஒருவரை ஊராரோடு ஒப்பிடுவானேன்? அவருடைய நேற்றைய அளவோடு ஒப்பிட்டால் என்ன? மனிதருக்கு மனிதர் வேறுபாடு பெரிது. ஒரே மனிதரிடம் காலத்தால் ஏற்படும் வேறுபாடு சிறிது. இந்த அடிப்படையில் 2008இல் சைக்கிள் ஓட்டச் சங்கம் 'உயிரியல் கடவுச்சீட்டு' என்னும் முறையைத் தொடங்கியது. ஒவ்வொரு வீரரின் குருதி அளவுகளும் ஆண்டுக்கணக்கில் பதிவாகின்றன. முதல் மாதிரியின்போது பொதுமக்களின் பரவலே எல்லை. மாதிரிகள் சேரச் சேர அவ்வெல்லை அந்த வீரருக்கே உரியதாகக் குறுகிவருகிறது. 18ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் தாமஸ் பேயிஸின் நிகழ்தகவுத் தேற்றமே இதன் கணித அடிப்படை.

பயன்படும் அளவுகளில் ஒன்று ஆஃப் ஸ்கோர். ஹீமோகுளோபினை லிட்டருக்கு இத்தனை கிராம் என்று எழுதுங்கள். இளஞ்சிவப்பணுக்களின் விழுக்காட்டுக்கு வர்க்கமூலம் கண்டு, 60ஆல் பெருக்கி, அதிலிருந்து கழியுங்கள். ஹீமோகுளோபின் 150, இளம் அணுக்கள் 1 விழுக்காடு என்றால் விடை 90. குருதி ஏற்றிக்கொண்டபின் ஹீமோகுளோபின் 165 ஆகிறது என்போம். மிகுதியாக உள்ளதைக் கண்ட உடல் புதிய அணுக்களை ஆக்குவதைக் குறைத்துவிடும். இளம் அணுக்கள் 0.36 விழுக்காட்டுக்கு இறங்கும். விடை 129. வெளியிலிருந்து ஏற்றியதை மறைத்தாலும் மஜ்ஜையின் ஓய்வு காட்டிக்கொடுக்கிறது! மூன்று வாரப் பந்தயத்தில் பிளாஸ்மா பெருகுவதால் ஹீமோகுளோபின் அளவு இயல்பாகக் குறையவேண்டும். மூன்றாம் வாரத்திலும் குறையாமல் நின்றால் அதுவும் ஐயத்துக்கு இடமே.

கணிப்பொறி தீர்ப்பு வழங்குவதில்லை. அது சுட்டிக்காட்டும் பதிவுகளை, வீரரின் பெயர் தெரியாத மூன்று வல்லுநர்கள் ஆராய்கின்றனர். மலைப்பயிற்சி, நோய், குருதியிழப்பு ஆகியவற்றை எண்ணிப் பார்த்தபின்பே கருத்துக் கூறுகின்றனர். இம்முறையால் தண்டிக்கப்பட்ட சைக்கிள் வீரர்களின் வழக்குகளில், விளையாட்டு நடுவர் மன்றம் 2011இல் அதைச் செல்லத்தக்க சான்றாக ஏற்றது.

இருப்பினும் எச்சரிக்கை தேவை. ஜெர்மானியப் பனித்தள வேகச் சறுக்கு வீராங்கனை கிளாடியா பெக்ஸ்டைனுக்கு, இளஞ்சிவப்பணுக்கள் மிகுந்திருந்ததைக் கொண்டே 2009இல் இரண்டாண்டுத் தடை விதிக்கப்பட்டது. தந்தை வழியில் வந்த ஒரு சிவப்பணுக் குறைபாடே காரணம் என்று 2010இல் குருதியியல் வல்லுநர்கள் விளக்கினர். தடைக்காலம் கழிந்து 2011இல்தான் அவரால் பந்தயத்துக்குத் திரும்ப முடிந்தது. தன்னோடு தன்னை ஒப்பிடும்போதும், அந்த உடலின் மரபையும் நோயையும் அறியாவிடில் தவறு நேரும் என்பதை இது காட்டுகிறது.

மாணவர்களே, ஆய்வகத்தில் ஓர் அளவு மற்றவர்களின் விடையோடு பொருந்தாவிட்டால் அதை உடனே தவறென்று அடித்துவிடாதீர்கள். அது எந்தக் கருவியின் அளவு, அக்கருவி முன்பு என்ன காட்டியது, இயல்பாக எவ்வளவு மாறும் என்று முதலில் கேளுங்கள். சைக்கிள் ஓட்டச் சங்கம் இக்கேள்விகளைக் கேட்டு ஒரு முறையை வகுக்க, 1997இலிருந்து 2008 வரை பதினோர் ஆண்டுகள் ஆயின.