ரெட்டிங்: அழுகலுக்கு உறவான சொல்

லினன் துணிக்கான நார் ஆளிச்செடியின் தண்டில் இருக்கிறது. பெக்டின் என்னும் பசைப்பொருள் அதைத் தண்டோடு பிணைத்திருக்கும். நுண்ணுயிர்களைக் கொண்டு அந்தப் பசையைச் சிதைத்து நாரைப் பிரிப்பதற்கு ஆங்கிலத்தில் 'ரெட்டிங்' என்று பெயர்.

அழுகலைக் குறிக்கும் 'ராட்' இதற்கு நெருங்கிய உறவு. டச்சு மொழியில் இரண்டுக்கும் ஓசை அளவே வேறுபாடு: 'ரோட்டன்' என்றால் நாருக்காக ஊறப்போடுவது, 'ரொட்டன்' என்றால் அழுகுவது.

பெல்ஜியத்தின் கோர்ட்ரெய்க் நகரருகே, லெய் ஆற்றில் கட்டுக்கட்டாக ஊறவைத்தது நீர் ரெட்டிங். பிடுங்கிய செடியை வயலில் பரப்பி வாரக்கணக்கில் பனியில் நனையவிடுவது பனி ரெட்டிங்.

1980களில் வடக்கு அயர்லாந்தில் மூன்றாவது வகையைச் சோதித்தார்கள்: நிலை ரெட்டிங். பூக்கும் பருவத்தை ஒட்டி, அறுவடைக்கு முன்பே கிளைபோசேட் களைக்கொல்லியைத் தெளிப்பார்கள். செடி நின்றபடியே காயும். ஈரம் கிடைத்தால் பூஞ்சை படர்ந்து பசையைத் தின்னும். ஆனால் விதை முற்றாது. தண்டு சீராகக் காயாவிட்டால் நாரும் சீராகப் பிரியாது.

கயிற்று நாருக்காகத் தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போடுவதற்கும் ஆங்கிலத்தில் இதே சொல்தான்.